கை வேண்டாம், வண்டி போதும்

ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கச்சி குடும்பம், மாடியில் அக்கா குடும்பம். இரண்டு பேருக்கும் பதினோரு நாள் இடைவெளியில் பெண் குழந்தை பிறந்தது. கீழ்வீட்டுக் குழந்தை முந்திக்கொண்டதால் அதற்குப் பெருசு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, மாடிவீட்டுக் குழந்தை சின்னது. சர்டிஃபிகேட்டில் இருந்த பெயர்களை வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. பதினோரு நாள் மூப்புக்கு இப்படி ஒரு கிழட்டுப் பட்டமா என்று எட்டு வயதிலேயே பெருசு அம்மாவிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

பெருசுக்குக் கை சும்மா இருக்காது. அவள் அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், வீட்டில் ஸ்பானருக்கும் ஸ்குரு டிரைவருக்கும் குறைவில்லை. ஒன்பது வயதில், ஓடாமல் நின்றுபோன ஊசல் கடிகாரத்தைத் தரையில் பிரித்துப் பரப்பினாள். நாலு நாள் துடைத்தாள், எண்ணெய் போட்டாள், ஒரு பல் சக்கரம்கூட மிச்சம் வைக்காமல் திரும்பப் பூட்டினாள். மாட்டியதும் பத்து நிமிஷம் ஓடிவிட்டு மறுபடி நின்றது. அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னது சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாஞ்சு மாட்டியிருக்கு, அதான் நிக்குது" என்றாள். அப்பா நிமிர்த்தி வைத்தார். ஓட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது எல்லோரும் பேசியது சின்னதின் கண்ணைப் பற்றி. நாலு நாள் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பெருசுக்கு வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று தெரிந்தது அன்றுதான்.

அதற்கப்புறம் அது அவளை விட்டுப் போகவே இல்லை. வேர்வை சிந்துவது நான், பேர் வாங்குவது அவள் என்று மனசுக்குள் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். நல்லவேளை, இருவரும் வேறு வேறு ஸ்கூல். மார்க்கை மட்டும் பெரியம்மா படியிறங்கி வந்து ஒப்பித்துவிட்டுப் போவாள்.

பதினோராம் வகுப்பில் மாணவர் ரோபோ போட்டி வந்தது. இரண்டு ஸ்கூலும் பேர் கொடுத்தன. பெருசு அவள் டீமுக்குக் கேப்டன், சின்னது அவள் டீமுக்கு.

அந்த வருஷத்து ஆட்டம் இப்படி. ஒரு சின்ன அறை அளவுக்குச் சதுரமான களம். தரையில் நாற்பது ரப்பர் கட்டைகள். பக்கத்துக்கு இரண்டு ஸ்கூல் கூட்டு, ஆளுக்கு ஒரு ரோபோ. ஒரு கட்டையைத் தரையோரக் கூடைக்குள் தள்ளினால் ஒரு பாயிண்ட். அதையே தூக்கி இடுப்பு உயரத்தில் இருக்கும் தட்டில் வைத்தால் ஐந்து பாயிண்ட். எல்லாம் இரண்டரை நிமிஷத்துக்குள்.

ஐந்து என்ற எண்ணைப் பார்த்ததுமே பெருசு முடிவு பண்ணிவிட்டாள். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மூட்டு வைத்த ஒரு கை. ஸ்கூல் லேபுக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் பத்து வாரம் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதல் கை வளைந்தது. இரண்டாவது கையில் தோள்பட்டை கியர் பல்லுப் பல்லாக உதிர்ந்தது. மூன்றாவது கை தூக்கியது. அது கட்டையைக் கவ்வி, மெல்ல மேலே எழும்பி, மணிக்கட்டைத் திருப்பி வைக்கும் அழகைப் பார்க்க லேப் அட்டெண்டர்கூடக் கதவோரம் வந்து நிற்பார். கைக்கு அடியில் ஓடுகிற வண்டியை மட்டும் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிட்டாள். கை ஆடக்கூடாதே என்பதற்காகக் குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து, மயிரிழை கோணல் இல்லாமல் சட்டத்தைப் பூட்டி, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது வெறும் பீடம்.

சின்னதின் ஸ்கூலில் நடந்தது வேறு. முதல் மூன்று வாரம் சின்னதின் டீமில் யாரும் ஒரு ஸ்குருகூடத் தொடவில்லை. வகுப்புத் தரையில் டேப் ஒட்டிக் களம் வரைந்து, ஒருத்தி ரோபோ மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடக்க, இன்னொருத்தி ஸ்டாப்வாட்ச் பிடித்தாளாம். பெரியம்மா சொல்லிக் கேட்டு பெருசு விழுந்து விழுந்து சிரித்தாள். நாலாவது வாரம் அவர்கள் செய்த ரோபோவைச் சின்னது போனில் காட்டினாள். ஒரு தகரப் பெட்டி, அடியில் சக்கரம், முன்னால் ஒரு பலகை. அவ்வளவுதான்.

"இது என்னடி, பிஸ்கட் டின் மாதிரி?"

"தள்ளும்."

"தள்ளி?"

"மறுபடி தள்ளும்" என்றாள் சின்னது. "தட்டுல ஒண்ணு வைக்கிற நேரத்துல தரையில ஒம்போது தள்ளிடலாம். நடந்து பாத்துட்டோம்."

போட்டி ஒரு காலேஜின் உள்விளையாட்டு அரங்கத்தில் நடந்தது. இருபத்து நாலு ஸ்கூல். ஓரமாக வரிசை மேஜைகள், ஒயர், டேப், சாப்பாட்டு டப்பா, ஆளாளுக்குக் கத்தல். பெருசின் கை முதல் தடவை மேலே எழும்பியதும் கேலரியே எழுந்து கை தட்டியது. கட்டை தட்டில் உட்காராமல் உருண்டு விழுந்தபோதும் தட்டினார்கள். அந்தத் தகர டின்னுக்கு ஒருவரும் தட்டவில்லை. அது பாட்டுக்குத் தள்ளியது, திரும்பியது, தள்ளியது. ஸ்கோர் போர்டில் மட்டும் அதன் எண் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் சின்னது பரீட்சை அட்டையில் தாள் செருகிக்கொண்டு மேஜை மேஜையாக வந்தாள்.

"மேல் தட்டு. பத்துக்கு எத்தனை வைக்குது?"

"எட்டு" என்றாள் பெருசு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே. சொல்லும்போதே காது சுட்டது. சின்னது ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நடந்தது. சின்னதின் டீம் ஸ்கோர் பார்க்கப் போயிருந்தது. தகர டின் மேஜை மேல் தனியாக இருந்தது. அந்தப் பக்கமாகப் போன பெருசின் கண்ணில் பேட்டரி பிளக் பட்டது. பாதிதான் உள்ளே இருந்தது, ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை, அழுத்திவிட வேண்டியது ஒரு விரல். பெருசு நின்றாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போனாள். வேண்டுமென்றே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பியபோது, மேஜை காலியாக இருந்தது. ரோபோவைக் களத்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

ஐம்பதாவது செகண்டில் தகர டின் நடுக்களத்தில் செத்து நின்றது. சின்னது ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். எப்போதும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும் அந்த முகம் முதல் தடவையாக ஒன்றும் புரியாமல் விழித்தது. பெருசுக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த கணமே வாயில் கசப்பு ஏறியது. ஆனால் முதலில் வந்தது குளிர்ச்சிதான். அதை அவள் தனக்குத்தானே ஒருநாளும் மறைத்துக்கொண்டதில்லை.

ஆனாலும் சின்னது கவிழவில்லை. மற்ற நாலு ஆட்டத்திலும் ஜெயித்து வைத்திருந்த பாயிண்டில் அவள் டீம்தான் முதலிடம். பெருசின் டீம் பதினொன்றாவது இடம். முதல் இடங்களில் இருப்பவர்கள் நாக் அவுட்டுக்குத் தங்கள் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. மைக் முதலில் சின்னதின் கைக்குப் போனது. இரண்டாம் இடத்தில் ஒரு டீம் இருந்தது. எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பத்துக்கு ஒன்பது தட்டில் வைக்கும் நிஜமான கையோடு. அவர்களைத்தான் கூப்பிடுவாள் என்று அரங்கமே எதிர்பார்த்தது. அவள் பெருசின் ஸ்கூல் பெயரைச் சொன்னாள்.

பெருசு மேடைக்குப் போன நடையை அவள் டீம் ரொம்ப நாள் கிண்டல் செய்தது. தரையில் கால் பாவவில்லை. இத்தனை வருஷம் கழித்து, இத்தனை பேர் முன்னால், என் கையின் அருமை இவளுக்கே தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு ஆயுசு ஐந்து நிமிஷம்.

"கைய மடிச்சுக் கட்டிடு. கை வேண்டாம், வண்டி போதும்" என்றாள் சின்னது, மேஜைக்கு வந்ததும்.

"என்ன சொன்ன?"

"உன் வண்டி மாதிரி நேரா ஓடுற வண்டி இந்த ஹால்லயே இல்லடி. இடிச்சாலும் திரும்ப மாட்டேங்குது. எங்க கிட்ட இன்னொரு பலகை இருக்கு, முன்னால மாட்டித் தரேன். ரெண்டு பேரும் தள்ளிட்டே இருப்போம்."

"பத்து வாரம் உசுரக் குடுத்து செஞ்ச கை அது."

"பத்துக்கு நாலுதான் வைக்குது."

"எட்டுன்னு சொன்னேன்ல?"

"நீ சொன்ன. நான் எண்ணினேன்."

பெருசுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தனக்குப் பெருமையாக இருந்த ஒன்றை வேண்டாம் என்கிறாள். தான் திரும்பியும் பார்க்காத ஒன்றைப் பாராட்டுகிறாள். இதைவிடத் திட்டியிருக்கலாம். பெருசின் டீம் பிள்ளைகளோ பைனல் கனவில் ஏற்கெனவே பலகைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடித்துக் கட்டினாள்.

தள்ளினார்கள். கால் இறுதி, அரை இறுதி, இரண்டிலும் எதிராளிக்கு மூச்சு விட நேரமில்லை. பைனலில் எதிரே வெள்ளைச் சட்டைகள். மூன்றில் இரண்டு ஜெயித்தால் கோப்பை. முதல் ஆட்டம் மூன்றே பாயிண்டில் இவர்கள் பக்கம் வந்தது.

இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் கேலரியில் யாரோ "கை! கை!" என்று கத்தினார்கள். காலையில் பார்த்து ரசித்த கூட்டம், விடுமா? இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பெருசின் விரல் ரிமோட்டில் தன்னால் நகர்ந்தது. கட்டியிருந்த டேப்பைப் பிய்த்துக்கொண்டு கை எழும்பியது. கட்டையைக் கவ்வியது, தூக்கியது, தட்டில் பூப்போல வைத்தது. அரங்கம் அதிர்ந்தது. பெருசு சின்னதைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்தாயா என்பது போல. சின்னது களத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கட்டையைத் தூக்கும்போது தோள் மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்தது. கை பாதி வானத்தில் நின்றுவிட்டது. பதினாலு பாயிண்டில் தோற்றார்கள்.

மூன்றாவது ஆட்டத்துக்கு எட்டு நிமிஷ இடைவெளி. திட்டு விழும் என்று பெருசு காத்திருந்தாள். பதிலுக்குச் சொல்ல நாலு சூடான வார்த்தையும் தயாராக வைத்திருந்தாள். சின்னது மேஜை மேல் குனிந்து, "கை கீழ வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வராது. மோட்டார் போச்சு. மூட்டுப் பின்ன உருவினா தொங்கும்."

"எவ்வளவு நீளம்?"

"எழுபது சென்டி."

சின்னது அட்டையைப் புரட்டினாள். "அவங்க தட்டுக்கு எப்பவும் இடது பக்க வழியாத்தான் வராங்க. அந்த வழி அறுபத்தஞ்சு. நீ போய் அங்க நின்னு கையப் போட்டுட்டா, சுத்தித்தான் வரணும். நிக்கிற வண்டிய இடிச்சா இடிச்சவங்க மேல தப்பு. ரூல் புக்ல பதினாறாம் பக்கம்."

"ஆட்டம் ஆரம்பிக்கும்போது மடக்கி இருக்கணுமே. அளவுப் பெட்டிக்குள்ள அடங்கலன்னா வெளிய போடுவாங்க."

"அதான் தெரியல. மோட்டார் இல்லாம எப்படி விரிக்கிறது?"

இது சின்னதுக்குத் தெரியாது. பெருசுக்குத் தெரியும். அவமானமும் ஆத்திரமுமாக இருந்தாலும் கை பரபரத்தது. பின்னை உருவினாள், கையை மடித்தாள், இரண்டு ரப்பர் பேண்டை ஒரு ஸ்குரு தலையில் நுனியில் பட்டும் படாமலும் மாட்டினாள். "வேகமா முன்னால போய்ட்டு சடக்குன்னு பின்னால இழுத்தா பேண்ட் கழண்டுடும். கை பக்கவாட்டுல விழும்." மூன்று தடவை மேஜை மேல் தள்ளிப் பார்த்தாள். மூன்று தடவையும் விழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. பெருசின் வண்டி இடது வழிக்கு ஓடியது, ஒரு சடக்கு, கை ரயில்வே கேட் மாதிரி விழுந்தது. வெள்ளைச் சட்டை ரோபோ வந்தது, நின்றது, திரும்பிச் சுற்றிப் போனது. எட்டு செகண்ட் வேலைக்குப் பதினெட்டு செகண்ட் ஆனது. பதற்றத்தில் ஒரு தடவை கேட்டில் வந்து மோதியது, நடுவர் கொடி தூக்கினார். தகர டின் அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு பாயிண்டில் ஜெயித்தார்கள்.

எல்லோரும் சின்னதைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கோப்பை இரண்டு ஸ்கூலுக்கும் பொது. வியூகத்துக்கான தனிப் பரிசு சின்னதுக்கு. வடிவமைப்புப் பரிசு வெள்ளைச் சட்டைகளின் கைக்கு. இருவரும் அக்கா தங்கச்சி என்று தெரிந்துகொண்ட மைக் பிடித்தவர், மூன்று தடவை "தங்கச்சி போட்ட கேட்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா, "கை ஒடஞ்சதக்கூட வீணாக்காம உபயோகப்படுத்திட்டா பாரு எங்க பொண்ணு" என்று கீழ்வீட்டு வாசலிலேயே நின்று சொன்னாள். பெருசு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் ஜெயித்தால்தான் அவள் பேர் வாங்குவாள் என்று நினைத்தேன், நான் தோற்றாலும் அவள்தான் வாங்குகிறாள். ரப்பர் பேண்டைப் பற்றி யாராவது கேட்டார்களா?

எட்டு மாசம் அவள் சின்னதோடு சரியாகப் பேசவில்லை. ஒரே படிக்கட்டு, ஒரே வாசல். "ம்", "இல்ல", "அம்மா கூப்பிடறாங்க", இவ்வளவுதான் பேச்சு.

வருஷங்கள் ஓடின. பெருசு டிப்ளமோ முடித்து, மருந்து பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின்கள் செய்கிற கம்பெனியில் டிசைன் பிரிவில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு நல்ல பேர். அவள் வரைந்த சட்டம் அதிராது, அவள் மெஷின் நிற்காது. மேனேஜர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். சின்னது நகரப் பேருந்து அலுவலகத்தில் பஸ் நேரம் போடும் வேலை. பாட்டில் மூடியைப் பற்றி யாரும் பேப்பரில் எழுதுவதில்லை. பஸ் சரியாக வந்தால் ஊரே பேசும். சின்னதின் போட்டோ ஒருநாள் பேப்பரில் வந்தது. பெருசு அதைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இருவருக்கும் இருபத்தொன்பது வயது நடக்கும்போது பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னது ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தை மறக்க, அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"அந்த ஒயர்க்காரி ஞாபகம் இருக்கா? எங்க டீம்ல பேட்டரி பாத்துக்கிட்டவ. பிளக்க ஒழுங்கா மாட்டாம விட்டாளே. அடுத்த வருஷம் அவள டீம்ல சேக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அழுதுட்டே போனா."

அந்தப் பெண்ணைப் பற்றி பெருசு ஒருநாளும் நினைத்ததே இல்லை.

"நான் பாத்தேன்" என்றாள்.

"எத?"

"பிளக்கு பாதி வெளிய இருந்தத. ஆட்டத்துக்கு முன்னாடியே. சொல்லாம விட்டுட்டேன்."

சின்னது திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் எண்ணி வைத்திருப்பவளுக்கு இந்த ஒன்று தெரிந்திருக்கவில்லை. "ஏன்?" என்றாள்.

"உன் மேல பொறாமை."

"அது தெரியும். அதக் கேக்கல. பன்னெண்டு வருஷமா ஏன் சொல்லல?"

சின்னது எழுந்து போய் எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். பெரியம்மாவை வெளியே கொண்டு வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளுகட்டிலைப் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துச் சின்னது கீழே வந்தாள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. "ஒயர்க்காரி நம்பர். நான் மன்னிப்பு கேட்டாச்சு. உன் பங்க நீ சொல்லு" என்று மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பெருசு மூன்று நாள் அந்தச் சீட்டைப் பார்க்காதது போல நடமாடினாள். நாலாம் நாள் கம்பெனி மதிய இடைவேளையில், ஸ்டோர் ரூம் ஜன்னலோரம் நின்று போன் செய்தாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பெருசு தட்டுத் தடுமாறி முழுவதையும் சொன்னாள்.

"ஓ" என்றது குரல். "நான் அதெல்லாம் மறந்தே போயிட்டேன்." குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டே, "இல்ல, மறக்கல. இப்பவும் வீட்ட விட்டுக் கிளம்பும்போது எல்லா சுவிட்சையும் ரெண்டு தடவை பாப்பேன். எங்க வீட்டுக்காரர் சிரிப்பாரு" என்றது. பிறகு, "குழந்தைக்குப் பசி. வச்சிடட்டா?"

"வைங்க" என்றாள் பெருசு.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சின்னதுக்குப் பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற லாரி வந்த அன்று பெருசு லீவு போட்டாள். ஃபிரிட்ஜைப் படியில் இறக்கச் சரிவுப் பலகையும் கயிறும் கட்டிக் கொடுத்தது அவள்தான். சின்னது எது முதலில் ஏறணும், எது கடைசியில் ஏறணும் என்று தாளில் எழுதி டிரைவரிடம் கொடுத்திருந்தாள். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்லம்மா" என்றார். கயிறு அறுத்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே பெருசு அதைக் கேட்டாள். எரிந்தது.

"அங்க வீடு எப்படி?" என்று பெரியம்மாவிடம் கேட்டாள், லாரி தெருமுனை திரும்பியதும்.

"பன்னெண்டாவது மாடியாம். ரெண்டு பக்கமும் பால்கனி."

"ரெண்டு பக்கமுமா?" என்றாள் பெருசு, உள்ளங்கையை மறுபடி தேய்த்துக்கொண்டே.